பெரிய மரம், சின்னத் திரை

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நீ பார்க்கிற வேலையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுப்பா" என்றார் சங்கச் செயலாளர் அண்ணன். கணக்குகளைக் கணினித் திரையில் படமாக்கிக் காட்டுவது என் வேலை. ஊர் வெம்பக்கோட்டை வட்டம் தாயில்பட்டி. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சம்பந்தம் இருக்கிறது.

மாவட்டம், அதற்குள் வட்டம், வட்டத்துக்குள் ஊர், ஊருக்குள் ஆலை, ஆலைக்குள் அறை. இப்படி ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் தகவலை எங்கள் துறையில் 'மரம்' என்போம். வேர் மேலே, இலைகள் கீழே. வீட்டில் வம்சாவளி வரைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தாத்தா வரை சரியாக வரும். பேரன் பேத்திகளை எழுத ஆரம்பித்தால் தாள் போதாது.

ஒரு சின்னக் கணக்கு. ஒவ்வொரு கிளைக்கும் பத்துக் கிளை, நாலு தலைமுறை என்று வையுங்கள். இலைகள் மட்டும் 10,000. ஓர் இலைக்கு 20 புள்ளி அகலம் கொடுத்தால் 2,00,000 புள்ளி வேண்டும். நம் மேசைக் கணினித் திரையின் அகலமோ 1,920 புள்ளிதான். நூறு திரைக்கு மேல் வரிசையாக வைத்தால்தான் அந்த மரம் அடங்கும்!

அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 1990-ல் இதே தொல்லை வந்தது. ஆய்வுக்கூடத்தில் 14 பேர் பங்கு போட்டுக்கொண்ட 80 மெகாபைட் வன்தட்டு அடிக்கடி நிரம்பிவிடும். யார் இடத்தை அடைத்திருக்கிறார்கள் என்று பார்க்கப் பேராசிரியர் பென் ஷ்னைடர்மன் ஒரு வழி கண்டார். கிளைகளைக் கோடு போட்டு இழுப்பதை விட்டுவிட்டு, திரை முழுவதையும் ஒரு கட்டமாக எடுத்து, அதைப் பங்கு பிரித்தார். இதுதான் ட்ரீமேப். கட்டப்படம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

நம் ஊரில் பாகப்பிரிவினை பார்த்தவருக்கு இது புதிதல்ல. ஒரு சர்வே நம்பரை அண்ணன் தம்பி மூன்று பேர் நீளவாக்கில் பிரிக்கிறார்கள். அடுத்த தலைமுறையில் ஒருவருடைய பங்கைப் பிள்ளைகள் குறுக்குவாக்கில் பிரிக்கிறார்கள். எத்தனை உட்பிரிவு வந்தாலும் நிலம் அதே நிலம்தான். எல்லைக்கு வெளியே ஓர் அடி போகாது. முதல் கட்டப்படமும் இப்படித்தான் ஒரு மட்டத்தில் நீளவாக்கில், அடுத்த மட்டத்தில் குறுக்குவாக்கில் பிரித்தது. அதனால் வந்த குறையும் நம் ஊர்க் குறைதான்: ஏர் திருப்ப முடியாத நாடாத் துண்டுகள். 2000-ல் நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தார், துண்டுகளைக் கூடியவரை சதுரமாக வெட்டும் முறையைத் தந்தார்கள்.

இப்போது அந்தப் பழைய கணக்கைப் போடுங்கள். 1,920 பெருக்கல் 1,080 என்றால் ஏறத்தாழ 20 லட்சம் புள்ளி. 10,000 இலைக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 200 புள்ளிக்கு மேல்; 14-க்கு 14 சதுரம். ஒரே திரையில் அத்தனையும் அடங்கிவிட்டது.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். விருதுநகர் மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் இருக்கின்றன. டி.ஆர்.ஓ. லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று வகை பிரிப்பது நம் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். ஆலைக்கு 30 அறை என்று வைத்துக்கொண்டால்கூட 30,000 அறை. ஓர் அறைக்கு 8-க்கு 8 புள்ளி கிடைக்கும். மாவட்டம் முழுவதும் ஒரு மேசைத் திரையில்!

இங்கேதான் பொறியாளன் கவனமாக இருக்கவேண்டும். கட்டத்தின் பரப்பை எதை வைத்து அளப்பது? அனுமதித்த மருந்தின் கிலோவை வைத்தால் நாக்பூர் லைசென்ஸ் ஆலைகள் திரையை அடைத்துக்கொள்ளும். சின்ன ஆலைகள் மூலையில் தூசியாகிவிடும். ஆட்களின் எண்ணிக்கையை வைத்தால் வேறு படம் வரும். நான் ஆட்களை வைக்கத்தான் சொல்வேன். நாம் பார்க்க வேண்டியது மனிதர்களைத்தானே?

நிறம் அதைவிட முக்கியம். ஓர் எடுத்துக்காட்டு. ஓர் ஆலையில் 40 அறை, அறைக்கு 4 பேர் என்பது வரம்பு, மொத்தம் 160. தீபாவளி ஆர்டர் நெருக்கடியில் 39 அறைகளில் மூன்று மூன்று பேர், ஒரே அறையில் 12 பேர். கூட்டினால் 129. மொத்தக் கணக்கில் ஆலை வரம்புக்குள்தான், திரையில் பச்சை! ஆனால் ஓர் அறையில் மூன்று மடங்கு ஆட்கள். விபத்து சராசரியில் நடப்பதில்லை. ஓர் அறையில்தான் தொடங்குகிறது. ஆகவே கீழே உள்ள அறைகளில் எது மிக மோசமோ, அதன் நிறம்தான் ஆலைக்கும், ஊருக்கும், வட்டத்துக்கும் ஏறிவர வேண்டும். கூட்டல் கணக்கு பரப்புக்கு. உச்சக் கணக்கு நிறத்துக்கு. தம்பிகள் இந்த ஒரு வரியை மட்டும் குறித்துக்கொண்டால் போதும்.

2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்திலும் நடந்ததை நம்மில் யாரும் மறக்கவில்லை. படம் வரைந்திருந்தால் அவை நடந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. அது பெரிய பேச்சு. அறைக்குள் எத்தனை பேர் என்று எண்ணிப் பதிகிறவர் உண்மையை எழுதாவிட்டால் எந்தத் திரையும் பொய்தான் காட்டும். ஆனால் உண்மையை எழுதியும் அது சராசரிக்குள் புதைந்துபோனால், அது நம் தொழிலின் குற்றம்.

செல்போன் திரை வேறு சங்கதி. 8-க்கு 8 கட்டத்தை விரலால் தொட முடியாது. அங்கே 1986-ல் ஜார்ஜ் ஃபர்னாஸ் எழுதிய 'மீன்கண்' யோசனை உதவும். தாயில்பட்டியில் நிற்கிறவனுக்குத் தன் தெரு முழுதாகத் தெரியும், சாத்தூர் கொஞ்சம் தெரியும், சென்னை ஒரு பெயராக மட்டும் தெரியும். அதுபோலப் பார்க்கிற கிளையைப் பெரிதாக்கி, தூரத்துக் கிளைகளைச் சுருக்க வேண்டும். மேலே 'மாவட்டம், வட்டம், ஊர், ஆலை, அறை' என்று வந்த வழியையும் ஒரு வரியில் எழுதி வைத்தால் பார்க்கிறவர் தொலைந்துபோக மாட்டார். கட்டப்படம் தேடிக் கண்டுபிடிக்க; பெயரும் எண்ணும் படிக்கப் பழைய பட்டியல்தான் நல்லது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

மாணவர்களுக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். விண்டிர்ஸ்டாட் என்ற இலவச மென்பொருளை உங்கள் கணினியில் போட்டுப் பாருங்கள். உங்கள் வன்தட்டே கட்டப்படமாக விரியும். பிறகு நம் கல்லூரி நூலகக் கணக்கையோ, விடுதிக் கணக்கையோ எடுத்து நீங்களே ஒன்று வரையுங்கள். வரைந்து முடித்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் படத்தில் மிகச் சின்னக் கட்டத்தில் இருப்பவர் யார்? அவருக்கு ஒரு ஆபத்து என்றால் மேலே இருந்து பார்க்கிறவருக்கு அது தெரியுமா?

என் தாயார் உட்பட எங்கள் ஊரில் எத்தனையோ அம்மாக்கள் அப்படிப்பட்ட சின்னக் கட்டங்களில் உட்கார்ந்து வேலை பார்த்துத்தான் பிள்ளைகளை இந்தக் கல்லூரிக்கு அனுப்பினார்கள்.