பள்ளிக்கூடத்தில் பண்டிகை
(மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



ஸ்பின்னிங்கில் இழை அறுந்தால் ஓடிப்போய் முடிகிற கை எந்த மதத்துக் கை என்று மேஸ்திரி கேட்பதில்லை. நடவு வயலிலும் யாரும் கேட்பதில்லை. நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போனால்தான் அந்தக் கேள்வி வருகிறது.

போன வருஷம் சரஸ்வதி பூஜைக்கு, நம் லைன் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஒரு சர்க்கார் பள்ளியில், தலைக்கு ஐம்பது ரூபாய் கேட்டார்கள். கொண்டுவராத ஆறு பிள்ளைகளை வராந்தாவில் நிறுத்திவிட்டார்கள். நின்றவர்கள் யார்? ஒரு முஸ்லிம் பெண், ஒரு கிறிஸ்தவப் பையன். மற்ற நால்வரும் ஹிந்துக் கூலிக்காரர் பிள்ளைகள்! அந்த நால்வருக்கும் பூஜையில் ஆட்சேபம் கிடையாது. வீட்டில் ஐம்பது ரூபாய்தான் கிடையாது.

பண்டிகையே வேண்டாம் என்று நாம் சொல்வதாகச் சிலர் பழி போடுகிறார்கள். சுத்தப் பொய்! ரம்ஜான் கஞ்சியை நாம் குடித்ததில்லையா? கிறிஸ்துமஸ் பலகாரத்தை நம் பிள்ளைகள் தின்றதில்லையா? வகுப்பில் எல்லாப் பண்டிகையின் கதையையும் சொல்லட்டும், பலகாரத்தைப் பகிர்ந்து தின்னட்டும். ஆனால் தெரிந்துகொள்வது வேறு, கும்பிடு என்று கட்டாயப்படுத்துவது வேறு.

1950 முதல் அமலிலுள்ள அரசியல் சட்டத்தின் 28வது பிரிவு என்ன சொல்கிறது? முழுக்க சர்க்கார் பணத்தில் நடக்கும் பள்ளியில் மத போதனை கூடாது. சர்க்கார் அங்கீகாரமோ உதவிப் பணமோ பெறுகிற பள்ளியில், பெற்றவர் சம்மதமில்லாமல் பிள்ளையை மத போதனையிலோ வழிபாட்டிலோ சேர்க்கக் கூடாது. மடம் நடத்தினாலும் மிஷன் நடத்தினாலும் சட்டம் ஒன்றுதான். ஜெபத்துக்கு வராத ஹிந்துப் பிள்ளையை முட்டி போட வைப்பதும் அக்கிரமமே.

1985ல் கேரளத்தில் யெகோவா சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளியை விட்டு நீக்கினார்கள். 1986ல் சுப்ரீம் கோர்ட்டு, திரும்பச் சேர்த்துக்கொள் என்று தீர்ப்பளித்தது. தேசிய கீதத்துக்கே இந்த நியாயமென்றால் பூஜைக்கும் ஜெபத்துக்கும் சொல்ல வேண்டுமா?

இன்னொரு சங்கதி. ரம்ஜான் வருஷத்துக்குச் சுமார் 11 நாள் முன்தள்ளி வருவதால், சில வருஷம் பரீட்சைக் காலத்திலேயே விழுகிறது. நோன்பிருக்கும் பிள்ளையை வெயிலில் டிரில் செய்ய விடாமலிருக்கக் காசு செலவில்லை. உபாத்தியாயருக்கு மனசு வேண்டும், அவ்வளவுதான்.

2009ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, சர்க்கார் பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். குழுவில் பாதிப் பேர் பெண்கள். அங்கே நம்மவர்கள் எங்கே? கூட்டத்தை வேலை நாளில் வைத்தால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் போவது? நாற்காலியில் மிராசுதாரும் கடைக்காரரும்தான் உட்காருகிறார்கள்.

ஆகவே மூன்று கோரிக்கைகள் எழுதியிருக்கிறோம்: பூஜை வசூல் கூடாது, சம்மதமில்லாமல் எந்த வழிபாடும் கூடாது, குழுக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டும். மனு வரும் ஞாயிறன்று சங்க ஆபீசில் இருக்கும். கைநாட்டும் செல்லும். ராத்திரி ஷிப்டுக்காரர்கள் தூங்கி எழுந்து சாயங்காலம் வந்தால் போதும்.