49 விழுக்காட்டில் அரசு ஏன் நிற்கிறது?

(வடசேரியில் நடந்த இளைஞர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு வரும் வழியில் வடசேரி பேருந்து நிலையத்தில் கொஞ்சம் நின்றுவிட்டு வந்தேன். என் அப்பா அங்கேதான் இருபது ஆண்டுகளுக்கு மேல் செருப்பு தைத்தார். அம்மா கனகமூலம் சந்தையில் கருவாடு விற்றார். நொடித்துப்போகும் தனியார் நிறுவனங்களை அரசு மக்கள் பணத்தில் தூக்கி நிறுத்தலாமா என்பது இன்றைய தலைப்பு. இதைப் பேச எனக்குப் பொருளாதாரப் பட்டம் கிடையாது. கடன் என்றால் என்ன என்று மட்டும் நன்றாகத் தெரியும்.

2020 மார்ச் மாதத்தில் நடந்த இரண்டு காரியங்களைச் சொல்கிறேன்.

மார்ச் 5 அன்று யெஸ் வங்கியின் நிர்வாகத்தை ரிசர்வ் வங்கி கையில் எடுத்தது. வாடிக்கையாளர்கள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று அறிவித்தது. அடுத்த சில நாட்களில் பாரத ஸ்டேட் வங்கி, ஒரு பங்கு 10 ரூபாய் என்ற கணக்கில் 7,250 கோடி ரூபாய்க்குப் பங்குகளை வாங்க ஒப்புக்கொண்டது. இரண்டு வாரம் முடிவதற்குள் வங்கி மீண்டும் திறந்துவிட்டது.

அதே மாதம் 25ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியது. பேருந்து நிலையமும் சந்தையும் மூடின. அப்பாவுக்கும் வேலை போனது, அம்மாவுக்கும் வியாபாரம் போனது. அம்மா ஒரு நுண்கடன் குழுவில் பத்துப் பேரில் ஒருவராகக் கடன் வாங்கியிருந்தார். தவணையை ஒத்திவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அறிவித்ததை டிவியில் பார்த்தோம். வசூலுக்கு வந்த தம்பி, "அதெல்லாம் பெரிய லோனுக்கும்மா, உங்களுக்கு இல்ல" என்றார். குழுக்கடனில் ஒருவர் கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேர் கட்ட வேண்டும். கம்பெனி வழக்குப் போடவே தேவையில்லை. அக்கம்பக்கத்துப் பெண்களையே வாசலில் உட்கார வைத்துவிடும். "எக்கா, நீ கெட்டலைன்னா நாங்க எங்க போவோம்?" என்று அழுதவர்கள் எல்லோரும் எங்கள் தெருக்காரர்கள். அம்மா காதில் கிடந்த கம்மலை அடகு வைத்துக் கட்டினார். அதை இன்றுவரை மீட்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு யோசனை. பெரிய கம்பெனிகளின் கடனும் குழுக்கடன்தான். நாம் எல்லோரும் அந்தக் குழுவில் உறுப்பினர்கள். கையெழுத்துப் போடவில்லை, கூட்டத்துக்கு யாரும் கூப்பிடவில்லை, கடன் பணத்தைக் கண்ணால் பார்த்ததும் இல்லை. அவர்கள் கட்டாதபோது நம் பங்கு மட்டும் வந்துவிடுகிறது. 2014-15 முதல் 2022-23 வரை ஒன்பது ஆண்டுகளில் வணிக வங்கிகள் 14.56 லட்சம் கோடி ரூபாய் கடனைக் கணக்கிலிருந்து எழுதித் தள்ளின என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. அதில் 7.4 லட்சம் கோடிக்கு மேல் பெருந்தொழில், பெரும் சேவை நிறுவனங்களின் கடன். எழுதித் தள்ளுவதும் தள்ளுபடி செய்வதும் ஒன்றல்ல, வசூல் தொடரும் என்பார்கள். சரிதான். ஆனால் அதே காலத்தில் அப்படி எழுதித் தள்ளிய கடன்களில் வசூலானது ஏறக்குறைய 2 லட்சம் கோடிதான்.

இங்கே ஒரு தோழருக்கும் எனக்கும் நீண்ட நாள் வாக்குவாதம். அவர் தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர். "யெஸ் வங்கியை மூடியிருந்தால் சிறு சேமிப்புக்காரன்தான் செத்திருப்பான். ஸ்டேட் வங்கி 10 ரூபாய்க்கு வாங்கிய பங்கில் ஒரு பகுதியை 2025இல் 21 ரூபாய் 50 காசுக்கு ஜப்பானிய வங்கிக்கு விற்றது. நட்டம் எங்கே?" என்று கேட்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வங்கி விழுந்தால் என்ன ஆகும் என்று இந்த மண்ணுக்குத் தெரியும். நாகர்கோவில் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், 1938 ஜூனில், திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி கதவை மூடியது. திவான் சி.பி.ராமசாமி அய்யரை எதிர்த்த அரசியலோடு நெருக்கமாக இருந்ததால்தான் வீழ்த்தப்பட்டோம் என்பது வங்கிக்காரர்கள் தரப்பு. நிர்வாகக் கோளாறு என்பது அரசுத் தரப்பு. எது உண்மையாக இருந்தாலும் பணம் போட்டவர்கள் தவித்தார்கள். ஆக, யாரைக் காப்பாற்றுவது, யாரைக் கைவிடுவது என்பது அன்றும் அரசியல் முடிவுதான், இன்றும் அரசியல் முடிவுதான்.

அந்த வங்கி மூடியபோது, கோவில் நுழைவுப் பிரகடனம் வந்து இரண்டு ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. என் தாத்தன் தலைமுறை கோவில் வாசலையே அப்போதுதான் மிதித்தது. வங்கி வாசலை எங்கே மிதித்திருக்கும்?

அதனால் தோழரிடம் நான் சொல்வது இதுதான். காப்பாற்றவே கூடாது என்பதல்ல என் வாதம். ஒரு வங்கிக்காக அரசால் ஐந்து ஆண்டு காத்திருக்க முடியும் என்றால், என் அம்மாவுக்காக ஐந்து மாதம் ஏன் காத்திருக்க முடியவில்லை? காப்பாற்றிய பிறகு அந்த நிறுவனம் யாருடையது? இந்த இரண்டுக்கும் பதில் வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வோடஃபோன் ஐடியா அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கியைக் கட்ட முடியாமல் நின்றது. 2021 செப்டம்பரில் அரசு நான்கு ஆண்டு அவகாசம் கொடுத்தது. 2023 பிப்ரவரியில் 16,133 கோடி ரூபாய் வட்டிப் பாக்கியைப் பங்காக மாற்றிக்கொண்டது. 2025 ஏப்ரலில் இன்னும் 36,950 கோடி. இரண்டு முறையும், சந்தையில் 10 ரூபாய்க்குக் கீழே விலைபோன பங்கை 10 ரூபாய் என்று கணக்கிட்டு எடுத்துக்கொண்டது. இப்போது அரசின் பங்கு 48.99 விழுக்காடு. மிகப் பெரிய பங்குதாரர் அரசுதான், நிர்வாகம் மட்டும் பழைய முதலாளிகளிடம்.

ஏன் 49இல் நிற்க வேண்டும்? கம்பெனிகள் சட்டத்தின்படி, 51 விழுக்காட்டைத் தொட்டால் அது அரசு நிறுவனம். அரசு நிறுவனம் என்றால் வேலையில் இடஒதுக்கீடு வந்துவிடும். தணிக்கை அதிகாரியின் கணக்குப் பார்வை வந்துவிடும். பொதுத்துறையாக மாற்றும் எண்ணம் இல்லை என்று தொலைத்தொடர்பு அமைச்சரே சொல்லிவிட்டார். இடஒதுக்கீட்டைத் தடுக்கவே இப்படிச் செய்தார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. ஆனால் விளைவு அதுதான். ஏறக்குறைய பாதி நம் பணம், ஒரு நாற்காலிகூட நமக்கு உரிமையாக இல்லை.

தோழர் விடமாட்டார். "அது விழுந்தால் சுமார் 20 கோடி வாடிக்கையாளர்கள் என்ன ஆவார்கள்? ஜியோ, ஏர்டெல் இரண்டே கம்பெனிகள் கையில் சந்தை போகாதா?" என்பார். போகும்தான். ஆனால் இடஒதுக்கீடு இருந்த பிஎஸ்என்எல்லில் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78,000க்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வில் வெளியே போனார்கள். அரசு அங்கேயும் பணம் போட்டது, மறுக்கவில்லை. ஆனால் பொதுத்துறைக்கு மருந்து என்றால் முதலில் ஆட்குறைப்பு. தனியாருக்கு மருந்து என்றால் முதலாளி நாற்காலியில் அப்படியே இருப்பார்.

அந்த நாற்காலிகளில் யார் இருக்கிறார்கள்? 2012இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் ஓர் ஆய்வு வந்தது. நாட்டின் 1,000 பெரிய நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களைப் பார்த்தார்கள். சுமார் 93 விழுக்காடு முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதி, பழங்குடியினர் சேர்ந்து 3.5 விழுக்காடு. தனியார் துறையில் இடஒதுக்கீடு கேட்டால், "எங்கள் சொந்தப் பணம், எங்கள் திறமை" என்பார்கள். பணம் ஊராருடையது என்று ஆனபிறகு அந்த வாதத்தில் பாதி உதிர்ந்துவிட்டது. நிறுவனம் நொடித்துப்போனது என்றால் மீதிப் பாதியும் உதிர்ந்துவிட்டது.

இது புதிய கதையும் அல்ல. 1833இல் பிரிட்டன் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது. அடிமைகளுக்கு அல்ல, அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. அதற்காக வாங்கிய கடனை மக்கள் வரிப்பணத்தில் அடைத்து முடிக்க 2015 வரை ஆனது. நட்டம் என்றால் உடைமையாளனின் நட்டம் மட்டுமே அரசின் கண்ணுக்குத் தெரிகிறது. உழைத்தவன் இழந்ததற்கு எந்தக் கணக்கேட்டிலும் இடம் இல்லை.

அண்ணல் அம்பேத்கர் பொருளாதாரம் படித்தவர் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். 1947இல் அவர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில், அடிப்படைத் தொழில்களை அரசே நடத்த வேண்டும், காப்பீடு அரசின் ஏகபோகமாக இருக்க வேண்டும், அதை அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும் என்றார். ஆட்சி மாறும்போது கொள்கை மாறக்கூடாது என்பதற்காக. லாபத்தில் இருக்கும்போது தனியார், நட்டத்தில் விழுந்தால் பொது என்ற ஏற்பாட்டுக்கு அதில் இடமே இல்லை.

அவ்வளவு தூரம் போக இன்று நமக்குப் பலம் இல்லை. அதனால் நானும் தோழரும் சேர்ந்து ஒத்துக்கொண்ட மூன்று கோரிக்கைகளை உங்கள் முன் வைக்கிறேன். ஒன்று, அரசுப் பணத்தில் பிழைக்கும் எந்த நிறுவனத்திலும், பங்கு 49 ஆனாலும் 9 ஆனாலும், இடஒதுக்கீடு நிபந்தனையாக வேண்டும். இரண்டு, அந்த நிறுவனத் தொழிலாளர்களுக்கு, ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து, இயக்குநர் குழுவில் இடம் வேண்டும். மூன்று, பெருநிறுவனத்துக்குக் கொடுக்கும் அதே அவகாசம் குழுக்கடன் வாங்கிய பெண்களுக்கும் சட்டப்படி கிடைக்க வேண்டும்.

மூன்றாவது கோரிக்கையை அம்மாவிடம் சொன்னேன். "அப்போ அந்தப் பொம்பளைங்க யாரும் என் வாசல்ல வந்து இருந்திருக்க மாட்டாளுவ இல்லியா, மக்கா?" என்று கேட்டார். கம்மலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பெண்களில் இரண்டு பேர் இன்றும் அவரோடு பேசுவதில்லை.

அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் நாம் கேட்க வேண்டும், தோழர்களே.