சரக்குப் பெட்டகமும் அதனைச் சோதிப்போரும்

(நம் சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம் குலத்தாரிற் பலர் கடல் கடந்து சரக்கனுப்பும் வர்த்தகர். சிலருடைய பிள்ளைகள் கப்பலிலேயே உத்தியோகம் புரிகின்றனர். ஆதலின் காரியதரிசியவர்கள் நம்மைப் பேசப் பணித்த இவ்விஷயம் இச்சபைக்கு அந்நியமன்று.

1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் தேதி, அமெரிக்காவில் நூவர்க் துறையினின்று ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பல் 58 பெட்டகங்களுடன் ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. மால்கம் மக்லீன் என்னும் லாரித் தொழிலதிபர் செய்த ஏற்பாடு அது. அதன்பின் மூட்டையை எண்ணிக் கப்பலேற்றும் வழக்கம் அருகிற்று. மூடிய பெட்டகத்தினுள் இருப்பதை மாலுமி காண்பதற்கில்லை. அனுப்புவோர் எழுதித் தரும் காகிதமே அவனுக்குச் சாட்சி.

இங்கேதான் சர்வேயர் என்னும் பரிசோதகர் வேண்டப்படுகிறார். கூலி கொடுப்பவர் எவராயினும், கண்டதையே எழுதக் கடமைப்பட்டவர் அவர். பகற்பொழுதில் வெறும் பெட்டகத்தினுள் நுழைந்து, கதவை அடைக்கச் சொல்லி, இருளில் நின்று நோக்குவார். ஊசித்துளையளவு வெளிச்சம் புகுந்தாலும், நீர் புகும் என்று அப்பெட்டகத்தைத் தள்ளிவிடுவார். கதவின் ரப்பர், தரைப்பலகையின் ஈரம், முன்னேற்றிய சரக்கின் நாற்றம் ஆகியவற்றையும் ஆராய்வார். (மூக்கும் ஒரு கருவியென்பதை நம் மளிகை வியாபாரிகளுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.) கதவில் அறைந்துள்ள தகட்டையும் வாசிப்பார், பெட்டகம் தாங்கும் எடை முதலியன, 1972-ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கைப்படி அதிற் பொறிக்கப்பட்டிருக்கும்.

இத்தனை செய்யினும், எடையிற் பொய் புகுந்தால் என் செய்வது? 2007-ஆம் ஆண்டு ஜனவரியில் ‘எம்.எஸ்.சி. நேபோலி’ என்னும் கப்பல் ஆங்கிலக் கால்வாயிற் புயலில் அகப்பட்டு உடல் பிளந்தது. மாலுமிகள் 26 பேரும் ஹெலிகாப்டர்களால் மீட்கப்பட்டனர். பின்னர், மேல்தளத்தில் நனையாதிருந்த சுமார் 660 பெட்டகங்களை நிறுத்துப் பார்த்தபொழுது, 137 பெட்டகங்களின் எடை காகிதத்திலிருந்ததற்கு 3 டன்னுக்கு மேல் மாறுபட்டிருந்தது. ஒன்றில் வித்தியாசம் 20 டன்! இதுவொன்றினாலேயே கப்பல் பிளந்ததென்று விசாரணையாளர் கூறவில்லை. அதன் கட்டமைப்பிலேயே பலக்குறைவு இருந்தது. எனினும் காப்புக்கென விட்டிருந்த இடைவெளியை இவ்வெடை மாறுபாடு குறைத்ததென அவர்கள் கண்டனர். சரிபார்த்த எடையில்லாத பெட்டகத்தைக் கப்பலேற்றலாகாது என்னும் சர்வதேச விதி 2016-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி அமுலுக்கு வந்தது.

எடையைக் குறைத்தெழுதுவதைச் சாமர்த்தியமென்று கருதுவோர் வர்த்தக உலகில் உண்டு. நம்மவருள் ஒருவரும் இலர் என்று சாதிக்க நாம் துணியோம். அவர்கள் மிச்சம் பிடிக்கும் சில ரூபாய்களுக்காக அடிப்பெட்டகம் நசுங்கி அடுக்குச் சரியுமாயின், அதன் அருகில் நிற்கும் மாலுமி நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

சரக்கு ஏற்றுமுன் வெறும் பெட்டகத்தினுள் நீங்களே புகுந்து பார்ப்பீர்களாக. வந்த சரக்கு நனைந்திருப்பின், அதனை வெளியே அள்ளிப் போடுமுன் சர்வேயரை அழையுங்கள். வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் சில துளி விட்டு, பால்போல் வெளுத்தால் பட்டது உப்புநீர் என்று அவர் அங்கேயே கண்டறிவார்.