தனுஷ்கோடி ரயிலடி
(ஜூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜூபிலி விழாவிலே ரயிலடியின் கதையா என்று நீங்கள் நினைக்கலாம். ரயிலடி என்றதும் வீராம்பட்டினத்தாராகிய நமக்கு, 1879-ஆம் ஆண்டு முதல் ரயில் வந்து நிற்கும் புதுச்சேரி ரயிலடிதான் நினைவுக்கு வரும். நான் சொல்லப்போவது அதுவல்ல. கடலை நம்பி எழுந்து, கடலாலேயே அழிந்த தனுஷ்கோடி ரயிலடியின் கதை. கடலோரத்தில் வாழும் நாம் கேட்டு வைக்க வேண்டிய கதை.

1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் சென்னை எழும்பூரில் ரயிலேறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பல் ஏறித் தலைமன்னார் போய், அங்கே மறுபடியும் ரயிலேறிக் கொழும்பு சேர்ந்தார். ரயிலுக்கும் கப்பலுக்கும் ஒரே டிக்கட். 'போட் மெயில்' என்று அதற்குப் பெயர் வந்தது இப்படித்தான். வியாபாரிகளும் தோட்டத் தொழிலாளரும் அவ்வழியே போய் வந்தார்கள். ரயிலடியைச் சுற்றிச் சுங்கச் சாவடி, தபால் ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நம் வேதத்தாரின் கோவில், மீனவர் குடிசைகள் என ஓர் ஊரே உண்டாயிற்று.

ஐம்பது ஆண்டுகள் சென்றன. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22. கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்றே நாள். அன்றிரவு புயல். பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயில் நள்ளிரவுக்குப் பின் தனுஷ்கோடியை நெருங்கியது. கைகாட்டி விளக்கு எரியவில்லை. ஓட்டுநர் சற்று நேரம் காத்திருந்து, ஊதல் கொடுத்து வண்டியைச் செலுத்தினார் என்று சொல்வார்கள். பேரலை ஒன்று எழுந்து ரயிலை அப்படியே அடித்துச் சென்றது. அதில் இருந்த சுமார் 115 பேரும் மாண்டார்கள். ஊரும் அழிந்தது. தந்திக் கம்பிகள் அறுந்து கிடந்ததால், செய்திகூட உடனே வெளியுலகுக்கு எட்டவில்லை.

சேதமான பாம்பன் பாலத்தை, இ. ஸ்ரீதரன் என்ற இளம் என்ஜினீயர் 46 நாளில் சீர்செய்தார். அதற்குப் பதிலாகக் கட்டிய புதிய பாலமும் 2025-இல் திறக்கப்பட்டுவிட்டது. தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் திரும்பவில்லை. 2017 முதல் தார்ச்சாலையில் போகிறவர்கள், கூரையில்லாத அக்கோவிலையும் ரயிலடியின் இடிந்த சுவர்களையும் பார்த்துத் திரும்புகிறார்கள்.

அன்புமிக்கவர்களே! அன்று எரியாமல் போன அந்த விளக்கை எண்ணிப் பாருங்கள். முன்னால் ஆபத்து என்று சொல்ல ஆளும் இல்லை, வழியும் இல்லை. நமக்கோ வழி வந்தது. 1990-களின் இறுதியில் தொடங்கிய தகவல் மையத் திட்டத்தால், அலை எத்தனை உயரம் என்பதை நம் ஊர் ஒலிபெருக்கியிலேயே கேட்டோம். 2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சுனாமி வந்தபோது, பக்கத்து நல்லவாட்டில் நடந்ததும் உங்களுக்குத் தெரியும். சிங்கப்பூரிலிருந்து வந்த டெலிபோன் செய்தியை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஊரார் ஓடிப் பிழைத்தார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே. கடலுக்குப் போகாதே என்று அறிவிப்பு வரும் நாளில், ஒரு நாள் மீனுக்காகப் படகைத் தள்ளாதீர்கள். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். அந்த ரயிலில் போனவர்களை இன்றைய செபத்தில் நினைத்துக்கொள்வோம்.