நெல்லின் கவசம்



கதிர் ஈன்ற வயலைக் கண்டு மகிழ்ந்த கமக்காரர், சில நாள்களிற் கதிர்க்கழுத்துக் கறுத்து, மணிகள் பதராகிப்போவதைக் கண்டு கலங்குவதுண்டு. இஃது எரிபந்தம் என்னும் நோயின் வேலை. இந்நோயை விளைக்கும் பங்கசு இலைமீது ஒட்டிக்கொண்டு, வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ 80 மடங்கு அமுக்கத்தைத் தன்னுள்ளே திரட்டி, நுண்ணிய முளையொன்றால் இலைத்தோலைத் துளைக்கின்றது.

நோயை எதிர்க்கும் நெல்லினங்களை ஆக்குவது இதற்கு ஒரு வழி. 1950களின் பிற்பகுதியிற் பத்தலகொடையில் உருவான எச் 4 அத்தகையது. ஆயினும், பங்கசும் காலப்போக்கில் மாறி, புதிய இனங்களின் எதிர்ப்பை வென்றுவிடக்கூடும். ஆகவே, பயிருக்கு இயல்பாகவே உள்ள மற்றொரு காவலையும் நாம் வளர்க்கவேண்டும். அதுவே சிலிக்கா, மணலிலும் கண்ணாடியிலும் உள்ள அதே பொருள்.

மண்ணீரிற் கரைந்த சிலிக்காவை நெல்லின் வேர் மிகுதியாக உறிஞ்சுகின்றது. அஃது இலைத்தோலின் அடியிற் படிந்து கவசமாகின்றது. அன்றியும், நோய் தாக்கியதும் இலை தன் எதிர்ப்புப் பொருள்களை விரைந்து ஆக்கவும் துணைபுரிகின்றது. நோயுற்ற நெல்லிற் சிலிக்கா குறைந்திருப்பதை யப்பானிய அறிஞர் ஒனொடெரா 1917இல் எடுத்துக்காட்டினார். 1955இல் யப்பான் சிலிக்கா உரத்தை நெல்லுக்குரிய உரமாக ஏற்றுக்கொண்டது. வேர் சிலிக்காவை உள்வாங்குதற்குக் காரணமான பரம்பரையலகு 2006இற் கண்டறியப்பட்டது.

நாம் இதற்கு விலைகொடுத்து உரம் வாங்கவேண்டுமா? வைக்கோலின் உலர்நிறையில் நூற்றுக்குப் பத்துப் பங்குவரை சிலிக்கா உண்டு. அதைக் களத்தின் மூலையிற் குவித்து எரிப்பவர், அடுத்த போகத்துப் பயிரின் கவசத்தையே வயலுக்குத் திரும்பவிடாது தடுக்கின்றார். வைக்கோலை வயலிற் பரப்பி உழுதுவிடுதல் நன்று. நோய்கண்ட வயலின் வைக்கோலாயின், நன்கு மக்கவைத்த பின்னரே இடுதல்வேண்டும். நாற்றுமேடைக்கு உமிக்கரி ஏற்றது. வெண்சாம்பலாகும்வரை கடுஞ்சூட்டில் எரித்த உமியிலும், கருகிய நிலையில் அணைத்த உமியின் சிலிக்காவே எளிதிற் கரையும்.

யூரியாவை அளவுக்கு மிஞ்சி இடுதலும் ஆகாது. அதனாற் கரும்பச்சையாகத் தழைக்கும் பயிர் கண்ணுக்கு இனியது; ஆனால் மெல்லிய இலையும் குறைந்த சிலிக்காவும் உடையதாகிப் பங்கசுக்கு எளிதில் இரையாகின்றது.

சிலிக்கா நோயை முற்றாக ஒழித்துவிடாது, தாக்கத்தைத் தணிக்கும். நஞ்சு தெளிக்கும் செலவை நாடுமுன், களத்திற் கிடக்கும் வைக்கோலை வயலுக்கு மீட்டுக்கொடுங்கள்.