பெயர் எதற்கு?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பந்தி ரெடியா இருக்கு, சீக்கிரம் முடிச்சிடுப்பா" என்று செயலாளர் காதில் சொல்லிவிட்டார். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கே வந்திருப்பவர்களில் பலர் கைப்பேசியில் மேப் பார்த்துத்தான் வந்திருப்பீர்கள். "நாம போற இடமெல்லாம் அவனுக்குத் தெரியுதே" என்று கேட்டால், "தெரிஞ்சா தெரியட்டும், டிராபிக்ல மாட்டாம வந்தேனா இல்லையா?" என்பார்கள். அதே ஆளிடம் "உங்க ஈமெயிலை ஒரு கம்பெனி படிக்குது" என்று சொல்லிப் பாருங்கள். "அதெப்படிப் படிக்கலாம்?" என்று சண்டைக்கு வருவார். மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு. "எங்கிட்ட மறைக்க என்ன சார் இருக்கு? கரண்ட் பில்லும் கல்யாணப் பத்திரிகையும்தான்" என்று சிரிப்பார்கள்.

மூன்றிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் பொறியியல் படித்தவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த வேலை நடக்க எந்தத் தகவல் தேவை? எது தேவையில்லை?

முதலில் மேப். ஒரு ரோட்டில் பல கைப்பேசிகள் மெதுவாக நகர்ந்தால் ரோடு சிவப்பாகிறது. அவ்வளவுதான் சூத்திரம். 2020 பிப்ரவரியில் பெர்லின் நகரக் கலைஞர் சைமன் வெக்கர்ட் இதை வேடிக்கையாகக் காட்டினார். 99 பழைய கைப்பேசிகளை ஒரு கைவண்டியில் போட்டுக் காலியான தெருக்களில் மெல்ல இழுத்துப் போனார். கூகுள் மேப் அங்கே நெரிசல் என்று சிவப்பு காட்டியது! எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அதில் ஒரு பாடம் தெரிந்தது. யார் போகிறார்கள் என்று பார்க்காமலே அந்தக் கணக்கு நடக்கிறது. வேகம் போதும், பெயர் வேண்டாம்.

சரி, பெயரை எடுத்துவிட்டால் போதுமா? போதாது. 15 லட்சம் பேரின் 15 மாத செல்போன் இடத்தகவலை ஆராய்ந்து 2013-இல் ஒரு கட்டுரை வந்தது. ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று நான்கே புள்ளிகள் கிடைத்தால் 95 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்றது. ராத்திரி தங்கும் இடம் வீடு, பகலில் இருக்கும் இடம் ஆபீஸ். இதற்கு மேல் பெயர் எதற்கு? இதற்கு வழி தெரியாமலும் இல்லை. பயணத்தின் தொடக்கத்தையும் முடிவையும் அழித்துவிடுகிறோம் என்று 2009-லேயே கூகுள் சொன்னது. ஆனால் இடப்பதிவை நிறுத்திய பிறகும் அதன் சில சேவைகள் இடத்தைச் சேமித்து வந்ததாக 2018-இல் செய்தி வெளியானது. அந்த விவகாரத்தில் 2022-இல் 40 அமெரிக்க மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

இனி ஈமெயில். ஜிமெயில் 2004 ஏப்ரல் 1-இல் வந்தபோது ஒரு ஜிபி இடம் இலவசம் என்றார்கள். பதிலுக்கு, கடிதத்தின் வார்த்தைகளை இயந்திரம் பார்த்து விளம்பரம் போட்டது. கடிதம் என்றால் இரண்டு பேர் உண்டு. நான் சம்மதித்தேன் சரி, எனக்கு எழுதிய என் சித்தப்பா எப்போது சம்மதித்தார்? விளம்பரத்துக்காக மெயிலை அலசுவதை நிறுத்துகிறோம் என்று 2017-இல் அறிவித்தார்கள். ஜிமெயில் மூடப்பட்டதா? இல்லை, இன்றும் ஓடுகிறது. அப்படியானால் 13 வருடம் படித்தது அவசியத்துக்காக அல்ல, வசதிக்காக. வைரஸையும் குப்பை மெயிலையும் தடுக்க இயந்திரம் பார்க்கத்தான் வேண்டும். அது வேலைக்குத் தேவை. மற்றது தேவையில்லை.

"மறைக்க என்ன இருக்கு" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். இரவு ஷிப்ட் முடிந்து உங்கள் மகள் எந்தத் தெருமுனையில் இறங்குகிறாள் என்பதும் தகவல்தான். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். சொன்ன காரியத்துக்குத் தேவையான தகவலுக்கு மட்டுமே சம்மதம் செல்லும் என்கிறது 2023-ஆம் ஆண்டுச் சட்டம்.

மூத்தவர்களுக்கு என் வேண்டுகோள் சின்னது. எந்த ஆப் இடம் கேட்டாலும் "பயன்படுத்தும்போது மட்டும்" என்று அனுமதி கொடுங்கள்.

தம்பி தங்கைகளே, நாளைக்கு இந்த ஆப்களை எழுதப்போவது நீங்கள். ஒரு மீட்டிங்கில் யாராவது, "அந்தத் தகவலையும் வாங்கி வைப்போம், பின்னாடி உதவும்" என்பார். அப்போது மரியாதையாகக் கையைத் தூக்கி, "எதுக்கு சார்? எத்தனை நாளைக்கு?" என்று கேளுங்கள். பாலம் கட்டுகிறவன் பாரத்தைக் கணக்குப் போடாமல் விடுவதில்லை. நம் கையில் இருப்பதும் ஊரார் பாரம்தான்.