கொசுவும் குரங்கும் நாமும்

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



மலேரியா தோட்டத் தமிழனுக்குப் புதிய செய்தியல்ல. காட்டை அழித்து ரப்பர் நட்ட காலத்தில் குளிர்காய்ச்சலுக்குப் பலியான நம் முன்னோர் ஆயிரமாயிரம். 1901-ல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியச் செய்தார், காய்ச்சல் தணிந்தது. ஆனால் மலைத் தோட்டங்களில், மரநிழல் போய் வெயில் பட்ட ஓடைகளில் வேறொரு கொசு பெருகியது. காட்டில் கை வைத்தால் கொசுவின் கணக்கு மாறும் என்பது அன்றே நாம் கற்ற பாடம்.

இன்று நம் வாசலில் நிற்பது குரங்கு மலேரியா. இதன் கிருமிக்கு நோலெசி என்று பெயர். காட்டுக் கொசு, குரங்கைக் கடித்த வாயால் நம்மையும் கடிக்கிறது. 1965-ல் பகாங் காட்டில் வேலை செய்த ஓர் அமெரிக்கரிடம் இது முதன்முதலாகக் காணப்பட்டது. அபூர்வம் என்று எண்ணியிருந்தார்கள். 2004-ல் வெளியான ஆய்வில், சரவாக்கின் காப்பிட் பகுதியில் மலேரியா கண்ட 208 பேரில் 120 பேருக்கு இதுவே இருந்தது! மைக்ராஸ்கோப்பில் சாதுவான வேறொரு கிருமிபோலத் தோன்றி ஏமாற்றியிருக்கிறது. இதுவோ 24 மணிக்கொரு முறை இரத்தத்தில் பெருகுவது.

2018-ல் மலேசியாவில் மனித மலேரியா உள்நாட்டில் ஒருவருக்கும் தொற்றவில்லை. அதே ஆண்டில் குரங்கு மலேரியா கண்டவர் 4,000-க்கும் மேல், உயிரிழந்தோரும் உண்டு.

"அப்படியானால் குரங்கைச் சுடுவோம்" என்பார் சிலர். நில்லுங்கள்! குரங்கா நம் லயத்தைத் தேடி வந்தது? அதன் வீட்டை வெட்டியதால் வந்தது. நீண்டவால் குரங்கை அழியும் ஆபத்திலுள்ள இனமென்று 2022-ல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அறிவித்தது. தேங்காய் பறிக்கப் பழக்குவார்களே, அந்தக் குட்டைவால் குரங்கு செம்பனைத் தோட்டத்து எலிகளைத் தின்று நமக்கு உதவுவதை 2019-ல் பேராக், செகாரியில் நடந்த ஆய்வு காட்டியது. குரங்கு நம் பகையன்று.

விடியுமுன் நெற்றி விளக்குடன் காட்டோர நிரையில் மரம் வெட்டுவது யார்? அந்தி மயங்கியபின் வெளியே உட்கார்ந்திருப்பது யார்? நாமே! இக்கொசு பெரும்பாலும் வெளியில்தான் கடிக்கும். படுக்கையில் கட்டும் வலை மட்டும் போதாது.

ஆகவே நிர்வாகத்திடம் நாம் கேட்பது:

ஒன்று: காட்டோரம் வேலை செய்வோருக்கு முழுக்கைச் சட்டையும் கொசு விரட்டும் மருந்தும் நிர்வாகச் செலவில் வேண்டும்.

இரண்டு: காய்ச்சல் கண்ட அன்றே இரத்தப் பரிசோதனை வேண்டும். அந்நாள் சம்பளத்தில் கை வைக்கலாகாது. இது வங்காளதேச, இந்தோனேசியத் தோழர்களுக்கும் சேர்த்தே.

மூன்று: மறுநடவு செய்யும்போது ஆற்றோரக் காட்டை விட்டுவைக்க வேண்டும்.

தோழர்களே! இதற்கு மருந்து உண்டு, தாமதந்தான் எமன். காய்ச்சலென்றால் ஒரு நாளும் பொறுக்காதீர்கள். "காட்டோரம் வேலை செய்கிறேன்" என்று டாக்டரிடம் மறவாமல் சொல்லுங்கள்.